மாதவிடாய் நிலவைப் பார்த்து வருகிறதா? பதினான்காம் நாள் எல்லாப் பெண்களுக்கும் பொருந்துமா?

கேள்வி கேட்டிருப்பவர் கீழக்கரைப் பக்கத்துத் தங்கை ஒருவர். அவர் எழுதியதன் சாரம் இது: திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார், ஆண்டுக்கு ஒருமுறை முப்பது நாள் விடுப்பில் வருகிறார், இரண்டு விடுப்பும் கழிந்துவிட்டன, இன்னும் உண்டாகவில்லை. பெண்ணின் மாதக் கணக்கு பிறையைப் பார்த்து நடப்பது என்றும், இவருக்கு அது 33, 34 நாள் என்று தள்ளிப் போவதால்தான் கரு தங்கவில்லை என்றும் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பள்ளியில் படித்த பதினான்காம் நாளைக் கணக்கில் வைத்துப் பார்த்தும் பலனில்லை. தம் உடலில் குறை இருக்கிறதா என்று கேட்கிறார்.

நான் மண்டபம் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்; மருத்துவர் அல்லள். ஆனால் நிலவைப் பார்த்து நாள் எண்ணுகிற வீட்டில் வளர்ந்தவள். என் பெரியம்மா பாம்பன் பக்கத்தில் பாசி எடுக்கப் போனவர். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், ஆக மாதத்தில் பன்னிரண்டு நாள் போலத்தான் அவருக்குக் கடல் வேலை. அந்த நாள்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று நீரை இழுப்பதால் ஏற்றமும் வற்றமும் கூடுதலாக இருக்கும். நம் மன்னார் வளைகுடாவில் அந்த வேறுபாடு ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கிப் பாறையைத் தடவுகிறவருக்கு அரை மீட்டர் நீர் குறைவதே பெரிய உதவி. இப்படிக் கடலே நிலவுக்குக் கட்டுப்பட்டு நடப்பதைத் தினமும் காணும் ஊரில், பெண்ணின் உடலும் அப்படித்தான் என்று நினைத்ததில் வியப்பில்லை. நம் மொழியிலும் திங்கள் என்றால் நிலவு, திங்கள் என்றால் மாதம். உங்கள் வீட்டில் பிறை என்பதை எங்கள் வீட்டில் அமாவாசை என்பார்கள், நம்பிக்கை ஒன்றுதான்.

முதலில் நிலவின் கணக்கை முடித்துவிடுகிறேன். ஒரு அமாவாசையிலிருந்து மறு அமாவாசைக்கு ஏறத்தாழ 29.5 நாள். எனக்கு மாதவிடாய்ச் சுழற்சி பெரும்பாலும் 31 நாள் இருந்தது. நாட்காட்டித் தாளில் புள்ளி வைத்து வந்ததால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். ஒவ்வொரு முறையும் நிலவைவிட ஒன்றரை நாள் பின்தங்கும். எனவே இரண்டு மூன்று மாதத்துக்குப் பௌர்ணமியை ஒட்டியே வருவது போலத் தோன்றும், பிறகு மெல்ல விலகி, பத்துச் சுழற்சிகளில் அமாவாசைக்குப் போய்ச் சேரும். பொருந்திய மாதங்கள் நினைவில் நிற்கின்றன, பொருந்தாதவை மறந்துபோகின்றன. உங்கள் 34 நாளுக்கு இதே விலகல் மூன்று நான்கு சுழற்சிகளிலேயே நடந்துவிடும் என்பதால்தான் உங்கள் கணக்கு 'தப்பிவிட்டதாக'ப் பெரியவர்களுக்குப் படுகிறது. 2021இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 22 பெண்களின் பல ஆண்டுக் குறிப்புகளை ஆராய்ந்து, சிலருக்குச் சில காலம் மட்டும் சுழற்சி நிலவோடு ஒத்துப்போகிறது என்று எழுதினார்கள். 22 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அந்த ஆய்வையே முழுதாக ஏற்றாலும், நிலவோடு ஒத்துப்போகாத பெண்ணுக்குக் கரு தங்காது என்று அதில் எங்கும் வரவில்லை.

இனி உடலின் கணக்கு. பெண் குழந்தை தாயின் வயிற்றில் ஐந்து மாதம் இருக்கும்போதே அதன் இரு சினைப்பைகளிலும் அறுபது, எழுபது இலட்சம் முட்டை அணுக்கள் உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது அவை பத்து முதல் இருபது இலட்சமாகவும், பூப்படையும் வயதில் மூன்று நான்கு இலட்சமாகவும் குறைந்துவிடும். வாழ்நாளில் வெளிவருவது ஏறத்தாழ நானூறு மட்டுமே. மற்றவை எல்லாம் சத்தமின்றிக் கரைந்து போகின்றன. ஒவ்வொரு சுழற்சியின் தொடக்கத்திலும், மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி ஒரு ஹார்மோனை அனுப்பி, சில பாலிக்கிள்களை, அதாவது முட்டையைச் சுற்றி நீர் கோத்த நுண்பைகளை, வளரத் தூண்டுகிறது. பல வளரத் தொடங்கினாலும் வழக்கமாக ஒன்றுதான் முந்துகிறது. அது வளர வளர ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்வதோடு, போட்டிக்கு நின்ற மற்றப் பைகளுக்குப் பிட்யூட்டரியிலிருந்து வரும் ஊட்டத்தையும் குறைத்துவிடுகிறது.

இங்கேதான் எனக்கு எப்போதும் வியப்புத் தரும் திருப்பம் ஒன்று இருக்கிறது. அதுவரை பிட்யூட்டரியை அடக்கி வைத்த அதே ஈஸ்ட்ரோஜன், அளவு மிகுந்து இரண்டு நாள் போல அப்படியே நீடித்தால், அடக்குவதை விட்டுத் தூண்டத் தொடங்குகிறது. உடனே லூட்டினைசிங் ஹார்மோன் பெருக்கெடுக்கிறது. அந்தப் பெருக்கு தொடங்கி ஏறத்தாழ 36 மணி நேரத்தில், இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்த பை வெடித்து முட்டை வெளியேறுகிறது. அருகில் விரல்களைப் போல விரிந்திருக்கும் கருக்குழாயின் வாய் அதை உள்ளே எடுத்துக்கொள்கிறது. ஆகவே முட்டை வெளிவரும் நாளைத் தீர்மானிப்பது அந்தப் பை முதிர எடுத்துக்கொள்ளும் காலம்தான். ஒருவருக்குப் பன்னிரண்டு நாளில் முதிரும், இன்னொருவருக்கு இருபது நாள் ஆகும். காய்ச்சலோ, திடீரென உடல் மெலிவதோ, பெரிய மனக்கவலையோ வந்தால் அதே பெண்ணுக்கே ஒரு மாதம் தள்ளிப் போகும்.

முட்டை வெளியேறிய பிறகு நடப்பது அவ்வளவு மாறுவதில்லை. வெடித்த பை மஞ்சள் நிறத் திசுவாக மாறிப் புரோஜெஸ்டிரானைச் சுரக்கிறது. கார்பஸ் லூட்டியம் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இந்த ஹார்மோன்தான் தடித்த கருப்பைச் சுவரைக் கரு பதிவதற்கு ஏற்ப மெதுமெதுப்பாக்குகிறது. உடல் வெப்பத்தையும் அரை டிகிரி செல்சியசுக்குள் சற்று உயர்த்துகிறது. கரு பதிந்தால் அது அனுப்பும் ஹார்மோன் இந்தத் திசுவைக் காப்பாற்றும். பதியாவிட்டால் இரண்டு வாரம் போலத் தாக்குப்பிடித்து அது வாடிவிடும்; புரோஜெஸ்டிரான் விழும்; சுவருக்குக் குருதி கொண்டுவந்த சுருள் நாளங்கள் இறுகும்; மேலடுக்கு உதிரும். இந்த நாளைத்தான் நாம் முதல் நாள் என்று எண்ணத் தொடங்குகிறோம். உண்மையில் முதல் நாள் என்பது முந்தைய சுழற்சியின் முடிவு. (கருவுற்றவளை 'முழுகாமல் இருக்கிறாள்' என்று நம் பக்கத்தில் சொல்வது இந்தத் தலைமுழுக்கு நின்றதை வைத்துத்தான். பெரியம்மாவைப் பற்றி அப்படிச் சொன்னபோது அவர் பாசிக்கு முழுகிக்கொண்டுதான் இருந்தார் என்று வீட்டில் ஒரு கேலி உண்டு.)

ஆகவே நாளை முன்னிருந்து எண்ணக்கூடாது, பின்னிருந்து எண்ண வேண்டும். இதை 1920களில் ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஒகினோவும், தனியாக ஆஸ்திரிய மருத்துவர் ஹெர்மன் கினாஸும் கண்டறிந்தார்கள்: முட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு. 28 நாள் சுழற்சியில் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் 14 வந்துவிடுவதால் இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அந்தப் படத்தைக் கரும்பலகையில் ஆண்டுதோறும் வரைந்து, 14க்கு வட்டமிட்டவர்களில் நானும் ஒருத்தி. என் சொந்தச் சுழற்சியே அதற்குள் அடங்காதது தெரிந்தும் மாணவிகளிடம் அதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பதற்கு இப்போது வருந்துகிறேன். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கைப்பேசிச் செயலியில் 1,24,648 பெண்கள் பதிந்த 6,12,613 சுழற்சிகளை எடுத்துக்கொண்டது. சராசரி 29.3 நாள். சரியாக 28 நாளாக இருந்தவை நூற்றுக்கு 13 மட்டுமே. முட்டை வெளிவரும் வரை சராசரி 16.9 நாளும், அதன் பிறகு 12.4 நாளும் ஆயின.

உங்களுக்கு 33, 34 நாள் என்பது பெரிதாக ஏறி இறங்காமல் வருகிறது என்றால், வளர்ந்த பெண்ணுக்கு அது இயல்பின் எல்லைக்குள்தான் இருக்கிறது. பின்னிருந்து எண்ணினால் முட்டை வெளிவருவது ஏறத்தாழ 20ஆம் நாள். வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம் வரைதான் கருவுறும் நிலையில் இருக்கும். ஆனால் அந்த நாள்களில் கருப்பை வாயில் சுரக்கும், முட்டையின் வெள்ளைக் கரு போல வழுவழுப்பாக நீளும் திரவத்தில் விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். இவற்றைச் சேர்த்தால் 15 முதல் 20 வரையிலான ஆறு நாள் உங்களுக்கு உரியது. அதிலும் கடைசி மூன்று நாளே வாய்ப்பு மிகுந்தவை. நீங்கள் குறிவைத்த 14ஆம் நாள் இந்தக் கதவு திறப்பதற்கு முந்தைய நாள்.

விடுப்பு எந்த நாளில் தொடங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. முப்பது நாள் இருந்தால் எப்படியும் ஒருமுறை அந்த நாள் வந்துவிடும் என்று தோன்றும். 28 நாள் சுழற்சிக்கு அது சரி. உங்களுக்கு அப்படி அல்ல. கணவர் உங்கள் சுழற்சியின் 21ஆம் நாள் வந்திறங்கினார் என்று வையுங்கள். அந்த மாதத்து முட்டை முந்தைய நாளே வந்து போயிருக்கும். மீதமுள்ள பதினான்கு நாளும், அடுத்த சுழற்சியின் பதினாறு நாளும் கழிந்தால் விடுப்பு முடிந்துவிடும். அவர் மதுரையில் விமானம் ஏறும்போது அடுத்த முட்டை வெளிவர இன்னும் நான்கு நாள் இருக்கும். ஒரு முழு விடுப்பில், வாய்ப்பு குறைந்த இரண்டு நாள் மட்டுமே கிடைத்திருக்கும். எல்லாம் சரியாக அமைந்தாலும் ஒரு சுழற்சியில் கரு தங்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. 35 வயதுக்குட்பட்ட தம்பதியர் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் உண்டாகாவிட்டால்தான் மருத்துவர்கள் காரணம் தேடத் தொடங்குகிறார்கள். உங்கள் இரண்டு ஆண்டு என்பது சேர்ந்திருந்த கணக்கில் அறுபது நாள். ஊரார் எண்ணுவது திருமணத் தேதியிலிருந்து, உடல் எண்ணுவது அப்படி அல்ல.

பரிசோதனைக்குப் போவதானால் இரண்டு செய்திகளை மனத்தில் வையுங்கள். முட்டை வெளிவந்ததா என்று அறியப் புரோஜெஸ்டிரான் அளவைப் பார்ப்பார்கள். அதை '21ஆம் நாள் ரத்தப் பரிசோதனை' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்த 21 என்பதும் 28 நாள் பெண்ணுக்கான கணக்குதான். அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு என்பதே அதன் பொருள், ஆகவே உங்களுக்கு 26 அல்லது 27ஆம் நாள். 35 நாள் சுழற்சி உள்ள என் தங்கை மகளுக்கு 21ஆம் நாளே எடுத்துவிட்டு, முட்டை வரவில்லை என்று ஓரிடத்தில் சொல்லி, அந்தப் பெண் ஒரு வாரம் சாப்பிடாமல் அழுதாள். அடுத்த மாதம் 28ஆம் நாள் எடுத்தபோது அளவு சரியாக இருந்தது. அடுத்த செய்தி, விந்துப் பரிசோதனையைக் கணவரும் செய்துகொள்ள வேண்டும் என்பது. அதற்கு ஊசி இல்லை, வலி இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தால் போதும். விந்தணு ஒன்று உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகிறது என்பதால், விடுப்பின் முதல் வாரத்தில் கொடுக்கும் விந்து வளைகுடாவில் இருந்தபோது உருவானது; அங்கே அவருக்குக் கடுங்காய்ச்சல் ஏதும் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லட்டும். சுழற்சி 38 நாளைத் தாண்டினாலோ, மூன்று மாதம் வராமல் நின்றாலோ, முகத்தில் முடி வளர்வதும் எடை கூடுவதும் சேர்ந்து வந்தாலோ மட்டும் விடுப்புக்குக் காத்திராமல் நீங்கள் முன்னதாகவே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். சினைப்பை நீர்க்கட்டி, தைராய்டு போன்றவை எளிதில் கண்டறியக்கூடியவை.

அடுத்த விடுப்புக்குக் கணவர் டிக்கெட் எடுக்கும் முன், உங்கள் கடைசி ஆறு மாதத்துத் தேதிகளை அவருக்கு எழுதி அனுப்புங்கள். மாதவிடாய் முடியும் தறுவாயில், ஆறு ஏழாம் நாளில் அவர் வந்திறங்கும்படி அமைந்தால், 15 முதல் 20 வரையிலான நாள்கள் விடுப்பின் நடுவே விழும். ஒரு வாரம் முன்பின் ஆனாலும் கெடாது. பிறகு நாள் பார்க்கவே தேவையில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தாலே போதும்.