சிறுவயதில் பதிந்த நம்பிக்கைகளில் எது நிற்கும், எது நிற்காது என்று எப்படிச் சோதிப்பது?

"இது உண்மையா?" என்று ஆரம்பிக்காதீர்கள். ஐந்து வயதில் உள்ளே போனதைப் பார்த்து அப்படிக் கேட்டால், மனம் யோசிக்காமலே "ஆமாம்" என்றுவிடும். "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். நேரில் பார்த்ததா, காரணத்தோடு படித்ததா, யாரோ சொன்னதா? பெரும்பாலும் யாரோ சொன்னதாகத்தான் இருக்கும். அதனால் மட்டும் அது பொய்யாகிவிடாது.

காரணம் புரியும் முன்பே வாங்கிக்கொள்வது மனிதக் குழந்தையின் இயல்பு. 2005இல் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பெட்டியிலிருந்து பரிசை எடுக்கும் விதத்தைச் சிம்பன்சிகளுக்கும் 3-4 வயதுக் குழந்தைகளுக்கும் செய்து காட்டினார்கள். மேல் துளையில் குச்சியை விடுவது தேவையே இல்லாத வேலை. உள்ளே தெரியும் பெட்டியைக் கொடுத்ததும் சிம்பன்சிகள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டு நேராகப் பரிசுக்குப் போயின. குழந்தைகளோ அதையும் சேர்த்தே செய்தார்கள். இப்படி நம்பி வாங்கியதால்தான் மொழியும் கைவேலையும் நமக்கு வந்தன. தேவையற்ற குச்சி வேலைகளும் கூடவே வந்துவிட்டன.

யார் சொன்னது என்று தேடிப் போகும்போது ஒரு விஷயம். பெரியவர்களிடம் "ஏன் இதை நம்புறீங்க?" என்றால் சண்டைதான் வரும். "உங்களுக்கு யார் சொன்னாங்க, அப்ப என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். பாதி நேரம் அதன் பின்னால் ஒரே ஒரு சம்பவம்தான் இருக்கும்.

அடுத்து, சோதிக்க முடிந்ததையும் முடியாததையும் பிரியுங்கள். "பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே" என்பது மதிப்பீடு. இதில் உண்மை, பொய் கிடையாது. இதனால் யாருக்கு லாபம், என் பிள்ளைக்கும் சொல்வேனா என்று மட்டும் கேட்கலாம். "இதைச் செய்தால் அது நடக்கும்" என்பவற்றைத்தான் சோதிக்க முடியும்.

அதற்கு ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: "செய்தேன், நடந்தது"; "செய்தேன், நடக்கவில்லை"; "செய்யவில்லை, நடந்தது"; "செய்யவில்லை, நடக்கவில்லை". நினைவில் தங்குவது முதல் கட்டம் மட்டுமே. மற்ற மூன்றும் காலியாகக் கிடப்பதால்தான் நம்பிக்கை ஆட்டம் காணாமல் நிற்கிறது.

"நடந்தது" என்று எதைச் சொல்வீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் கண் ஏமாற்றும். இனிப்பு தின்றால் பிள்ளைகள் ஆட்டம் போடுவார்கள் என்பதை எடுத்துக்கொண்டு ஹூவர், மிலிச் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 5 முதல் 7 வயதுப் பையன்கள். யாருக்கும் சர்க்கரை கொடுக்கவில்லை. ஒரு பகுதி அம்மாக்களிடம் மட்டும் "நிறையக் கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். அந்த அம்மாக்கள் தங்கள் பையன் அதிகமாகத் துள்ளுவதாக மதிப்பிட்டார்கள்.

ஒப்பிட இன்னொரு பக்கமும் வேண்டும். விரலில் சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வரும் என்று அம்மாவும் அத்தை, சித்திமாரும் சொன்னதை டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் இப்படித்தான் சோதித்தார். 50 வருடத்துக்கு மேல் இடது கையில் மட்டும் தினம் இரண்டு முறையாவது சொடக்கு, வலது கை ஒப்பீட்டுக்கு. இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998இல் எழுதினார். ஒரே ஆள் என்பதால் இதை மருத்துவ முடிவாக எடுக்க முடியாது, ஆனால் வடிவம் கச்சிதம். மருந்து, தடுப்பூசி, மின்சாரம் போன்றவற்றில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அங்கே ஏற்கெனவே நடந்த ஆய்வுகளைப் படியுங்கள்.

எனக்குக் கேட்டால், முதலில் கைவைக்க வேண்டியது நம்மைப் பற்றியே நமக்குச் சொல்லப்பட்டவை. "உனக்குக் கணக்கு வராது" என்று கேட்டு வளர்ந்தவர் கணக்குப் பக்கமே போவதில்லை. "செய்தேன்" என்ற இரண்டு கட்டமும் காலி. பழைய வகுப்புப் புத்தகம் ஒன்றை எடுத்து, தினம் 20 நிமிடம், ஆறு வாரம் போடுங்கள். முதல் நாள் தாளைப் பத்திரமாக வைத்து, கடைசியில் அதே கணக்குகளைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். முதல் வாரம் சொதப்பும். அங்கேயே "பார்த்தியா, வரலை" என்று நிறுத்துபவர்களே அதிகம்.

பெரிய நம்பிக்கையிலிருந்து தொடங்குவதும், ஒன்று பொய் என்று தெரிந்ததும் அதற்கு நேர் எதிரானதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்வதும் வழக்கமான சறுக்கல்கள். இன்னொன்று, நம்பிக்கை போன பிறகும் வயிற்றைப் பிசையும் அந்தப் பயம். அது வாதத்துக்கு அடங்காது, செய்யச் செய்யத்தான் மெல்லக் குறையும். ஒவ்வொரு முறையும் பயம் பத்துக்கு எவ்வளவு என்று தாளின் ஓரத்தில் எழுதுங்கள். அந்த எண்ணை நான்கு கட்டத்துக்குள் சேர்த்துவிடாதீர்கள்.