பிக்கப்பில் விரிசல்: சாயம் பூசிப் பயனில்லை

வணக்கம். உங்கள் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் உலோகப் பொம்மையில் பின்கதவு மூட மறுக்கிறது, கூரையில் மயிரிழை விரிசல், சாயம் கொப்பளித்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பட்டி பார்த்து மறுபடி சாயம் அடிக்கலாமா என்றால், வேண்டாம். இது துரு அன்று. துத்தநாகத்தில் ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியம் சேர்த்து இத்தகைய பொம்மை வண்டிகளை வார்க்கிறார்கள். அதில் துளி ஈயம் கலந்துவிட்டாலே போதும், உலோகம் உள்ளிருந்து அரித்து உப்பும். கதவு இடத்தில் அமராதது அதனால்தான். விரிசலோரம் நகத்தால் மெல்லக் கீறுங்கள். சாம்பல் நிறத் துகள் உதிர்ந்தால் அதேதான்.

மருந்து கிடையாது, வேகத்தைத்தான் குறைக்கலாம். சிங்கப்பூரின் வெக்கையும் ஈரமும் அதற்குத் தீனி. கேமராக்காரர்கள் வாங்கும் ஈரம் நீக்கும் பெட்டிக்கு வண்டிகளை மாற்றுங்கள். பக்கத்து வண்டிக்குத் தொற்றும் என்பார்கள், தொற்றாது. ஆனால் அதே தொகுப்பில் வார்த்தவை இருந்தால் அவற்றையும் திருப்பிப் பாருங்கள். என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலும் இப்படி ஒன்று, முகப்பு உதிர்ந்து கிடக்கிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை.

சக்கரங்களையும் கண்ணாடியையும் இப்போதே கழற்றிவிடுங்கள். அடிப்பாகம் உப்பினால் அச்சு இறுகிவிடும், பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.