பின்லாந்து வீட்டின் வெளிச்சுவர்: கேள்வி பதில்

பின்லாந்தில் வீடு வாங்கிய, வாங்கப்போகிற நம்மவர்கள் வெளிச்சுவர் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் தம்பெரே பக்கத்தில் தனிவீடுகளைப் பரிசோதித்து அறிக்கை கொடுக்கும் வேலையில் 16 வருடமாக இருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

போர்வோ: அக்கா, 1949-இல் கட்டிய மரவீடு வாங்கியிருக்கிறோம். சிவப்புச் சுவர், வெள்ளை மூலைப் பலகை. சுவரில் சாய்ந்தால் சட்டையெல்லாம் சிவப்பாகிறது. பெயிண்ட் கெட்டுவிட்டதா? நல்ல அக்ரிலிக் பெயிண்டாக அடித்துவிடலாமா?

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். சட்டையில் ஒட்டுவது கெட்டுப்போன பெயிண்ட் இல்லை. அது புனமுல்தா, அதாவது காவி. கொஞ்சம் கொஞ்சமாகத் தூளாகி உதிர்வதுதான் அதன் இயல்பு. அதனால்தான் அது உரியாது, கொப்பளிக்காது. அதன்மேல் அக்ரிலிக் அடித்தால் பிடிமானம் இருக்காது. அடியில் இருப்பது தூள்தானே. பலகைக்குள் போன ஈரமும் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். சில வருடங்களில் தோல் தோலாக உரிந்து வரும். அப்படி உரிந்த சுவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் கை போய்விடும்.

செய்ய வேண்டியது சுலபம். கம்பித் தூரிகையால் உதிர்கிற தூளைத் தேய்த்து எடுங்கள், திரும்பக் காவியே அடியுங்கள். கடையில் வாளியாகக் கிடைக்கும். பொறுமை இருந்தால் வீட்டிலேயே காய்ச்சலாம். 50 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ அன்னபேதி (இரும்பு சல்பேட்), மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல் ரை மாவு, 8 கிலோ காவித்தூள். தண்ணீர் கொதித்ததும் அன்னபேதியைக் கரைத்து, மாவைக் கட்டி தட்டாமல் தூவிக் கிளற வேண்டும். கால் மணி நேரம் கழித்துக் காவியைச் சேர்த்து, இன்னொரு கால் மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். முதல்முறை ஒரு தோட்டத்தில் பெரிய அண்டாவில் இதைக் கிண்டியபோது எனக்குக் கம்மங்கூழ் ஞாபகம்தான் வந்தது. அதே பதம், துடுப்பில் அதே கனம். மாவுக் கஞ்சி காவியை மரத்தோடு பிடித்து வைக்கிறது. அன்னபேதி பூஞ்சையை அண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

ஒன்று கவனியுங்கள். இழைக்காத, சொரசொரப்பான ரம்பப் பலகையில்தான் இது பிடிக்கும். ஏற்கெனவே எண்ணெய் பெயிண்ட் ஏறிய பலகையில் நிற்காது. வெள்ளை மூலைப் பலகைகள் இழைத்தவை, அவற்றுக்கு ஆளிவிதை எண்ணெய் பெயிண்ட் அடியுங்கள். இந்தக் காவி முதலில் ஸ்வீடனின் ஃபாலுன் செப்புச் சுரங்கத்துக் கழிவிலிருந்து கிடைத்தது. 1809 வரை பின்லாந்து ஸ்வீடனோடுதான் இருந்தது, அதனால் இங்கேயும் அதே வழக்கம். உங்கள் ஊர் ஆற்றங்கரையில் இருக்கிற சிவப்புக் கிட்டங்கிகளை ஒருநாள் கிட்டப் போய்த் தொட்டுப் பாருங்கள்.

எஸ்போ: ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். “மரவீடு எத்தனை நாளைக்கு நிற்கும்? செங்கல் வீடாகப் பார்” என்கிறார். அவருக்கு என்ன சொல்லட்டும்?

அப்பாவைக் கோடையில் ஒருநாள் பெத்தாயவெசிக்கு அழைத்துப் போங்கள். அங்கே இருக்கிற மரக்கட்டைத் தேவாலயம் 1763 முதல் 1765 வரை கட்டியது. முடிந்தால் பழைய ரவுமாவுக்கும் போங்கள். சுமார் 600 மரக்கட்டடங்கள், நகரமே மரம். 1991 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். மரம் நனைவதால் கெடுவதில்லை, நனைந்தது காயாமல் இருந்தால்தான் கெடுகிறது.

அப்புறம், அவர் நினைக்கிற செங்கல் வீடு இங்கே கிடைப்பது அபூர்வம். 60களுக்குப் பிறகு வந்த தனிவீடுகளில் செங்கல் பெரும்பாலும் வெளித்தோல்தான். ஒற்றை வரிசைச் செங்கல், பின்னால் காற்றுச் சந்து, அதன் பின்னால் மரச்சட்டம். சாய்ந்தடிக்கிற மழை செங்கல்லைத் தாண்டி உள்ளே போகும். அந்தத் தண்ணீர் சந்து வழியாக இறங்கி வெளியேற, கீழ் வரிசையில் சில செங்குத்து இணைப்புகளைச் சாந்து வைக்காமல் விட்டிருப்பார்கள். யாரோ பூசாமல் விட்டுவிட்டார் என்று நினைத்து வீட்டுக்காரர்களே அவற்றை அடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி ஓட்டை இருந்தால் அப்படியே விடுங்கள். செங்கல் பிடித்தவர் என்றால் யுவாஸ்கூலா அருகே முராத்சலோவில் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்தோ 50களில் தனக்காகக் கட்டிய கோடை வீட்டைக் காட்டுங்கள். உள்முற்றத்துச் சுவரைச் சுமார் 50 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேறு செங்கல், வேறு அடுக்கு என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்.

வாந்தா: மேடம், 1974-இல் கட்டிய செங்கல் முகப்பு வீடு, தட்டைக்கூரை மாதிரி தாழ்வான கூரை. விலை நன்றாக இருக்கிறது. பரிசோதனை அறிக்கையில் “வலெசொக்கெலி, ஆபத்துள்ள அமைப்பு” என்று ஒரு வரி. வெளியே ஒரு விரிசல்கூட இல்லை. பயப்பட வேண்டுமா?

இந்த ஒரு வரியை எழுதும்போதெல்லாம் வாங்குபவர் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாதே என்று எனக்குக் கவலையாக இருக்கும். நீங்கள் கேட்டது நல்லது.

வலெசொக்கெலி என்றால் பொய் அடிச்சுவர். அந்தக் காலத்தில் வீடு தரையோடு தரையாகத் தாழ்வாக இருப்பதுதான் அழகு என்று இருந்தது. அதனால் உள்தரையைக் கிட்டத்தட்ட வெளி மண் மட்டத்துக்கே இறக்கினார்கள். வெளியே நின்று பார்த்தால் கான்கிரீட் அடிச்சுவர் உயரமாகத் தெரியும். மரச்சட்டம் அதன் மேலிருந்து தொடங்குகிறது என்று நினைப்போம். உண்மையில் அது கான்கிரீட்டின் பின்னால் கீழே இறங்கிப் போயிருக்கும். மொத்தச் சுவரையும் தாங்குகிற அடிக்கட்டை வெளி மண் மட்டத்திலோ அதற்கும் கீழேயோ உட்கார்ந்திருக்கும். மண்ணின் ஈரம் கான்கிரீட் வழியாக அதற்கு ஏறும், காய்வதற்குக் காற்று கிடையாது. வெளியே விரிசல் தெரியாமல் இருப்பதால் எந்த நிம்மதியும் இல்லை. கெடுகிற இடம் வெளியே தெரியவே தெரியாது.

நீங்களே ஒன்று பார்க்கலாம். வாசற்படியில் நின்று, உள்தரைக்கும் வெளி மண்ணுக்கும் எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று அளந்து பாருங்கள். 5, 10 என்று வந்தால் அடிக்கட்டை எங்கே இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். மரம் மண்ணிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டராவது மேலே இருக்க வேண்டும்.

ஆபத்துள்ள அமைப்பு என்றால் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. மணல் மேட்டில், வடிகால் சரியாக உள்ள வீடுகளில் 50 வருடம் கழித்தும் காய்ந்த கட்டையைப் பார்த்திருக்கிறேன். ஆனால் திறந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. விற்பவரிடம் அனுமதி வாங்கி, மூன்று நான்கு இடங்களில் உள்பக்கமாகச் சுவரைத் திறந்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். வடக்கு மூலை, குளியலறைப் பக்கம், மழைநீர்க் குழாய் இறங்குகிற இடம் மூன்றும் கட்டாயம். அவர் மறுத்தால், மொத்தப் பழுதுச் செலவையும் உங்கள் கணக்கில் வைத்து விலை பேசுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். பழுது பார்ப்பது என்றால் சுவரை உள்ளிருந்து துண்டு துண்டாகத் திறந்து, கெட்ட கட்டையை அறுத்தெடுத்து, சட்டத்தின் காலை மேலே தூக்கி வைப்பது. பெரிய வேலை. மறைந்த குறைக்கு விற்பவரை 5 வருடம் வரை கேட்கலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அறிக்கையில் எழுதியிருக்கும்போது அது மறைந்த குறை என்று வாதாடுவது கடினம்.

குவோபியோ: 50களின் வீடு. பலகைக்கு மேலே சாம்பல் நிறத் தகடுகள் அடித்திருக்கிறார்கள். நானும் மச்சானும் சனி, ஞாயிறில் கழற்றிவிடலாமா?

வேண்டாம். அந்தக் காலத்துச் சிமெண்ட் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். 1994-க்கு முன் கட்டிய வீட்டில் இடிக்கும் வேலைக்கு முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனை செய்ய வேண்டும். இருந்தால் உரிமம் பெற்றவர்கள்தான் எடுக்க வேண்டும். தகட்டுக்குப் பின்னால் பழைய பலகை நன்றாகவே இருக்கக்கூடும். இரண்டாம் உலகப் போர் முடிந்து, சோவியத் யூனியனிடம் இழந்த கரேலியாவிலிருந்து நாலு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்து வந்த நேரத்தில் எழும்பிய வீடுகள் இவை. உள்ளே ரம்பத்தூள்தான் குளிர்காப்பு. அதை அள்ளி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் தாள் ஒட்டச் சொல்லி யாராவது விலை சொன்னால், இன்னொருவரிடமும் கேளுங்கள். ரம்பத்தூள் ஈரத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கும், அந்தச் சுவர் அதை நம்பித்தான் இருக்கிறது.

எஸ்போ: புது வீடு கட்டுகிறோம். பெயிண்ட் இல்லாமல் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் மரம் வேண்டும். சும்மா விட்டால் போதுமா?

போதும், ஆனால் பொறுக்க வேண்டும். வெயில் படுகிற தெற்குச் சுவர் சீக்கிரம் சாம்பலாகும். இறவாரத்துக்கு அடியில் மழை படாத பட்டை வருடக்கணக்கில் பழுப்பாகவே நிற்கும். இந்தத் திட்டு பிடிக்காதவர்கள் அன்னபேதிக் கரைசலை அடிப்பார்கள். வெயிலும் மழையும் பட்டுச் சில மாதங்களில் ஒரே சீரான சாம்பல் வரும். கரைசல் ஜன்னல் கண்ணாடியிலும் கல்லிலும் தெறிக்கக் கூடாது, கறை போகாது.

லாம்போபூ, அதாவது சூட்டில் பதப்படுத்திய மரமும் பார்க்கலாம். 90களில் பின்லாந்திலேயே முறைப்படுத்தியது. வெளிச்சுவருக்கானதைச் சுமார் 212 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். ஈரம் குறைவாக உறிஞ்சும், வளைவது குறைவு. கொஞ்சம் நொறுங்கும் தன்மை உண்டு, ஆணி அடிக்கிறவர் பழகியவராக இருக்க வேண்டும்.

எந்த மரமானாலும் தச்சரிடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: செங்குத்துப் பலகையின் கீழ்முனையைச் சாய்வாக அறுக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் முன்விளிம்பில் சொட்டாகத் திரண்டு விழும். நேராக அறுத்தால் சொட்டு அடியில் ஒட்டி நின்று, நார்முனை வழியாக மேலே ஏறும். பலகை அழுகத் தொடங்குவது அங்கேதான்.

துர்க்கு: எங்கள் வீட்டைக் கறுப்பாக அடிக்க ஆசை. அக்கம்பக்கமெல்லாம் வெளிர் மஞ்சள்.

ஆசைக்கு முன் உங்கள் பகுதியின் ஆசெமகாவாவைப் பாருங்கள். நகராட்சியின் அந்த மனைத் திட்டத்தில் முகப்பின் பொருள், நிறம், கூரை நிறம்வரை எழுதியிருக்கலாம். நகராட்சியின் கட்டடக் கண்காணிப்புப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். அனுமதி கிடைத்தாலும், கறுப்புத் தெற்குச் சுவர் கோடையில் நன்றாகச் சூடேறும். கணுக்களிலிருந்து பிசின் வழியும், பலகை வெடிக்கும். எனக்கு அந்த வெளிர் மஞ்சள்தான் பிடிக்கும். நவம்பர் இருட்டில் அதன் அருமை தெரியும்.

ஹெல்சிங்கி: கட்டடக்கலை படிக்கிறேன் அக்கா. ஃபின்லாந்தியா மண்டபத்துப் பளிங்கு ஏன் வளைந்தது?

நல்ல கேள்வி தம்பி. ஆல்தோவின் அந்தக் கட்டடம் 1971-இல் முடிந்தது. மேலே மெல்லிய இத்தாலியக் கர்ராரா பளிங்குப் பலகைகள். பளிங்கு முழுக்கக் கால்சைட் படிகங்கள்தான். சூடாகும்போது ஒவ்வொரு படிகமும் ஒரு திசையில் நீளும், மற்ற திசையில் சுருங்கும். இங்கே உறைபனிக்கும் கோடை வெயிலுக்கும் இடையே ஒவ்வொரு வருடமும் படிகங்கள் ஒன்றையொன்று தள்ளித் தள்ளிப் பிடி தளர்ந்தன. ஈரமும் சேர்ந்து பலகைகள் வளைந்தன. 90களின் கடைசியில் அதே கர்ராரா பளிங்கையே திரும்பப் பதித்தார்கள், அதுவும் வளைந்தது. அண்மைப் புதுப்பிப்பில் வட இத்தாலியின் லாசா பளிங்குக்கு மாறியிருக்கிறார்கள். பழைய பலகைகள் இருந்தபோது சுவரோடு கன்னத்தை ஒட்டி, பக்கவாட்டில் பார்க்க வேண்டும். வளைவு முன்னால் நின்றால் தெரியாது, அப்படிப் பார்த்தால்தான் தெரிந்தது.

லஹ்தி: பெயிண்ட் அடிக்க எந்த மாதம் நல்லது?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. வெப்பம் 5 டிகிரிக்கு மேல், காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குள். வெயில் நேராக அடிக்கிற சுவரில் அடிக்காதீர்கள். காலையில் மேற்கு, மாலையில் கிழக்கு என்று நிழலோடு நகருங்கள். ஆகஸ்ட் கடைசியில் சாயங்காலமே பனித்துளி இறங்கிவிடும், மதியத்தோடு தூரிகையைக் கழுவி வைத்துவிடுங்கள்.