அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினரோட ஓட்டிங் ரெக்கார்டுன்னா என்ன?

காங்கிரஸ்னா அமெரிக்க நாடாளுமன்றம்; அங்க சபைக்கு வர்ற மசோதாவுக்கு ஒரு உறுப்பினர் சரின்னாரா வேணாம்னாரான்னு பேரோட பதிஞ்சு வைக்கிற கணக்குதாங்க அது, ஸ்கூல் அட்டெண்டன்ஸ் மாதிரி, ஆனா இதை யார் வேணா பாக்கலாம். வந்திருக்கவங்கள்ல அஞ்சுல ஒரு பங்கு பேர் கேட்டா பேர்வாரியா பதியணும்னு அந்த நாட்டு அரசியல் சட்டமே சொல்லுது, அப்பதான் ஓட்டு போட்ட ஜனங்க கேள்வி கேக்க முடியும்.

சிகாகோ புறநகர் ஷாம்பர்க் பக்கத்துல இருந்து 2016ல ஜெயிச்ச ராஜா கிருஷ்ணமூர்த்தியை எடுத்துக்கோங்க, தமிழ்க் குடும்பத்துக்காரர், ஜனநாயகக் கட்சி. 2019 டிசம்பர்ல டிரம்ப் மேல குற்றம் சாட்டுற தீர்மானத்துக்கு ஆதரவா ஓட்டு போட்டார், அது கட்சி வழி. ஆனா 2024 மார்ச்ல டிக்டாக்கை அதோட சீன கம்பெனி விக்கணும், இல்லன்னா தடைங்கிற மசோதாவை எதிர்த்தரப்பான குடியரசுக் கட்சியோட மைக் காலகர்கூட சேர்ந்து கொண்டு வந்தார், 352-65ன்னு பாஸாச்சு, ஆளை எடை போட இந்த மாதிரி ஓட்டுதான் எனக்கு முக்கியமா படுது.

"ஓட்டு போடல"ன்னு இருந்தா எதிர்த்தார்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, உடம்பு முடியாம வராதவருக்கும் அதேதான் பதிவாகும்.