தனுசு ராசிப் பக்கம் ஒரு சிமிட்டல்: வாசகர் கேள்விகள்

பால்வீதியின் நடுவே, தனுசு ராசித் திசையில் இருக்கும் கருந்துளை அவ்வப்போது சுடர்விடுவதையும், அந்தச் சுடர் ரேடியோ அலையில் மட்டும் பிந்தி வருவதையும் பற்றி எழுதியதற்கு வந்த கேள்விகளில் ஐந்து இங்கே.

விடியற்காலை மூணு மணிக்கு ரப்பர் பால் வெட்டப் போறவன் நான். தலை லைட்டை அணைச்சா வானம் கொள்ளாம நட்சத்திரம். அந்தச் சுடர் கண்ணுக்குத் தெரியுமா சார்? (குலசேகரம்)

தெரியாது. இடையில் அவ்வளவு தூசி. அங்கிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் வந்து சேரும். அகச்சிவப்பும் ரேடியோ அலையும் எக்ஸ் கதிரும் தூசியைத் தாண்டிவிடும்.

ஆனால் இடத்தைப் பார்க்கலாம். சித்திரை பிறக்கும் சமயம் நாலரை மணிக்கு எஸ்டேட்டை விட்டு வெளியே வந்து தெற்கே பாருங்கள். விருச்சிகத்தின் கொடுக்கு தெரியும். அதற்கு மேலே, கொஞ்சம் இடப்பக்கம், நீட்டிய கையின் ஒரு முஷ்டி தூரத்துக்குள். டெல்லிக்காரருக்கு அது 32 பாகை உயரம், நமக்கு 53. தெற்கு முனையில் பிறந்ததற்கு இப்படியும் ஒரு லாபம்!

கருந்துளையிலிருந்து ஒளியே வெளியே வராது என்கிறீர்கள். பிறகு சுடர்வது எது? (முட்டம், கல்லூரி மாணவி)

வெளியே சுற்றும் சூடான வாயு. அதிலுள்ள காந்தப்புலம் முறுக்கேறி அறுந்து இணையும்போது எலெக்ட்ரான்கள் வேகமெடுக்கின்றன என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

2000 அக்டோபரில் சந்திரா விண்கலம் கண்ட எக்ஸ் கதிர்ச் சுடரில் வெளிச்சம் பத்தே நிமிடத்தில் சரிந்தது. பத்து நிமிடத்தில் மாறும் ஒன்று பத்து ஒளி நிமிடத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. சூரிய ஒளி நம்மிடம் வரவே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அப்படியானால் அது எவ்வளவு சின்ன இடம் என்று நீங்களே கணக்குப் போடலாம். 2017 ஏப்ரல் 11 அன்று வந்த எக்ஸ் கதிர்ச் சுடருக்குப் பின், சிலியிலுள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கி பார்த்தபோது, ஒரு சூடான பொட்டு சுமார் 70 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றுவதற்கான தடயம் கிடைத்தது. அதன் பாதை, புதன் சூரியனைச் சுற்றும் பாதை அளவு. புதனுக்கு அதே சுற்றுக்கு 88 நாள்.

எல்லா ஒளிக்கும் ஒரே வேகம் என்று நாற்பது வருடம் பாடம் நடத்தினேன். ரேடியோ மட்டும் ஏன் பிந்தி வருகிறது? (நாகர்கோவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா நடத்திய பாடம் சரிதான். வழியில் பிந்தவில்லை, புறப்படும்போதே பிந்துகிறது.

தோப்பில் ஓலையும் சவறும் கூட்டி எரித்தால், புகை முதலில் அப்பி நிற்கும்; பின்னால் நிற்கும் தென்னை தெரியாது. காற்றில் பரவி மெலிந்த பிறகு தெரியும். சுடரில் எழும் வாயுக்குமிழும் அப்படியே. அலைநீளம் கூடக்கூட அது அடர்த்தியாகத் தோன்றும். விரிந்து மெலிந்த பிறகே அந்த அலை வெளியே வரும். 43 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் உச்சம் வந்து 20 முதல் 40 நிமிடம் கழித்து, அதைவிட அலைநீளம் கூடிய 22 கிகாஹெர்ட்ஸில் வருவதை அளந்திருக்கிறார்கள். எல்லாச் சுடரும் இந்த ஒழுங்குக்கு அடங்குவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எக்ஸ் கதிரும் அகச்சிவப்பும் ஏறக்குறைய சேர்ந்தே வரும். ஆனால் எக்ஸ் கதிர்ச் சுடர் நாளுக்கு ஒன்று போல. பெரிய அகச்சிவப்புச் சுடர் நாளுக்கு ஐந்தாறு என்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி காட்டியது. ஒரே கருவியை நம்பி உட்கார்ந்தால் முக்கால்வாசி கதை போய்விடும். பல கருவிகளை ஒரே மணிநேரத்தில் ஒரே பக்கம் திருப்ப வைப்பதுதான் இதில் பெரும்பாடு. சுடரோ சொல்லிக்கொண்டு வருவதில்லை.

வருஷம் முழுக்கப் பார்க்கலாமா? (தக்கலை)

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் சூரியனே அதன் பக்கத்தில் போய் நிற்கும். சூரியன் தனுசு ராசியில் நிற்பதால்தான் பஞ்சாங்கம் அதைத் தனுர் மாதம் என்கிறது. அகச்சிவப்புக்காரர்களுக்கு அப்போது கட்டாய விடுமுறை.

நமக்கு ஆபத்து உண்டா? (கொல்லங்கோடு)

இல்லை. 27,000 ஒளியாண்டு தூரம். இன்று பார்க்கும் சுடர் அத்தனை வருஷத்துக்கு முன்பே அணைந்தது.