வாசகர் கேள்வி: ஆண் ஹார்மோனும் அன்றாடச் சாப்பாடும்

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. பெயர் வேண்டாம் என்று மூன்று பேருமே கேட்டிருக்கிறார்கள், அதனால் ஊர் மட்டும்.

கேள்வி: வயது 34. விசைத்தறி ஓட்டுகிறேன், மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்ட். கல்யாணமாகி மூன்று வருஷம், இன்னும் குழந்தை இல்லை. கொஞ்ச நாளாகவே எந்நேரமும் அசதி, எதிலும் நாட்டமில்லை, தொப்பை வேறு. காலையில் டீயும் வடையும், ராத்திரி பரோட்டா, கிடைத்தால் தட்டு வடை செட், இதுதான் சாப்பாடு. வேலைக்குப் போகிற வழியில் சாயந்திரம் லேபில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பார்த்தேன், 280 என்று வந்தது. ஜிம் நண்பர் ஒரு ஊசி சொல்கிறார். போடலாமா, இல்லை சாப்பாட்டிலேயே ஏற்றிவிடலாமா? (அம்மாப்பேட்டை, சேலம்)

பதில்: தம்பி, அந்த ஊசியை மட்டும் போட்டுவிடாதீர்கள். குழந்தைக்காகக் காத்திருக்கிற வீட்டில் அதைப் போல எதிரி வேறு கிடையாது. விந்தகம் டெஸ்டோஸ்டிரோனைத் தயாரிப்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்புகிற உத்தரவின்படிதான். கிடங்கில் சரக்கு நிறைந்துவிட்டால் முதலாளி தறியை நிறுத்தச் சொல்வார் இல்லையா, அதேபோல வெளியிலிருந்து ஹார்மோனை ஏற்றினால் பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும், விந்தகம் வேலையைக் குறைத்துச் சுருங்க ஆரம்பிக்கும், விந்தணு எண்ணிக்கை சில மாதங்களில் சுத்தமாக இல்லாமலே போகலாம். உலக சுகாதார நிறுவனம் இதே டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகச் சோதித்துப் பார்த்து 1990ல் முடிவை வெளியிட்டது, அவ்வளவு தூரம் வேலை செய்கிற ஊசி இது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு விந்தணு திரும்பி வரும், ஆனால் ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். உங்கள் நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் இதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் அந்த 280. பொதுவாக ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 300 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் அது காலையில் எடுத்த ரத்தத்துக்கான கணக்கு. இந்த ஹார்மோன் தூங்கும்போது ஏறி, விழித்த நேரத்தில் உச்சத்தில் இருந்து, பொழுது சாயச் சாய இறங்கும். உங்கள் வயதில் சாயந்திர அளவு காலை அளவைவிட 20 முதல் 25 சதவீதம் வரை குறைவாக இருக்கலாம். ஆகவே அந்த ஒரு காகிதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பகல் ஷிப்ட் ஓடுகிற வாரத்தில், நன்றாகத் தூங்கி எழுந்து, வெறும் வயிற்றில், காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள் பாருங்கள், வேறொரு நாள் இன்னொரு முறையும் பாருங்கள். காய்ச்சல் வந்து எழுந்த கையோடு பார்க்காதீர்கள், அப்போதும் குறைத்துத்தான் காட்டும். கூடவே விந்தணுப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், அது தனி டெஸ்ட், ஹார்மோன் சரியாக இருந்தாலே விந்தணுவும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் மனைவியும் ஒரு தடவை டாக்டரைப் பார்க்கட்டும். நம் ஊரில் ஒன்று பெண்ணை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய விடுகிறார்கள், இல்லையென்றால் ஆண் தனியாகக் குமைகிறான், இரண்டுமே வேண்டாம்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். சாப்பிட்ட மறுநாள் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றிவிடுகிற உணவு என்று ஒன்று கிடையாது. முருங்கைப்பூ, பேரீச்சம்பழம், பாதாம் எல்லாம் நல்ல உணவுதான், தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அவை ஹார்மோன் மருந்து அல்ல. சாப்பாடு உண்மையில் செய்கிற வேலை இரண்டு. இடுப்பில் சேர்ந்த கொழுப்பைக் குறைப்பது, உடம்பில் இல்லாத சத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது.

தொப்பை வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். அந்தக் கொழுப்பில் அரோமடேஸ் என்றொரு நொதி இருக்கிறது, அது டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். நம்மூர் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பார்கள், ஒரு டேப் எடுத்து தொப்புளை ஒட்டி அளந்து பாருங்கள், பேண்ட் சைஸை நம்பாதீர்கள், பேண்ட் தொப்பைக்குக் கீழே நிற்கும். எடை குறைந்தால் ஹார்மோன் தானாகவே ஏறும், பருமனான ஆண்களிடம் திரும்பத் திரும்பப் பார்த்து உறுதி செய்த விஷயம் இது.

ராத்திரி இடைவேளையில் பரோட்டாவுக்குப் பதிலாக வீட்டிலிருந்து இரண்டு வேகவைத்த முட்டையும் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் கொண்டுபோங்கள். தட்டு வடை செட் சாப்பிடவே கூடாது என்று சேலத்துக்காரரிடம் சொல்ல எனக்கு மனசு வராது, அதில் இருக்கிற பீட்ரூட்டும் கேரட்டும் நல்லதுதான், ஆனால் தட்டை எண்ணெயில் பொரித்தது, வாரத்துக்கு ஒரு நாள் போதும். ஜவ்வரிசி உப்புமா செய்தால் அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து என்பதை நினைவில் வைத்து, கை நிறைய வேர்க்கடலை போடச் சொல்லுங்கள்.

இல்லாத சத்து என்றதும் முதலில் பார்க்க வேண்டியது துத்தநாகம், அதாவது ஜிங்க். இது வெகுவாகக் குறைந்தால் டெஸ்டோஸ்டிரோனும் குறையும், குறைபாடு இருப்பவருக்குக் கொடுத்தால் ஏறும், ஏற்கெனவே போதுமான அளவு இருப்பவருக்கு இன்னும் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. ஆண்களுக்கு நாளைக்கு 17 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஆட்டுக்கறி, ஈரல், எள், பூசணி விதை, பருப்பு வகைகளில் இருக்கிறது. தானியத்திலும் பயறிலும் உள்ள பைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் அது குறையும். வெயில் காலத்தில் தெருமுனையில் குடிக்கிற புளித்த கம்மங்கூழுக்கு இந்த வகையில் நல்ல மதிப்பு உண்டு. மாத்திரையாக இஷ்டத்துக்கு விழுங்க வேண்டாம், அளவு மீறினால் உடம்பில் தாமிரச் சத்து குறைந்துபோகும். எண்ணெயையும் முழுசாக ஒதுக்கிவிடாதீர்கள், டெஸ்டோஸ்டிரோன் உருவாவதே கொலஸ்ட்ராலில் இருந்துதான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று: தூக்கம். அமெரிக்காவில் ஆரோக்கியமான இளைஞர்கள் பத்துப் பேரை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்தார்கள், 2011ல் வெளியான ஆய்வு, பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கிவிட்டது. நீங்கள் நைட் ஷிப்ட் முடிந்து காலையில் டீ குடித்து, பகலில் சத்தத்துக்கு நடுவே எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று எழுதவே இல்லை. ஜன்னலுக்குக் கெட்டியான துணி போடுங்கள், வீடு திரும்பியதும் டீயை விடுங்கள், போனை வேறு அறையில் வையுங்கள். ஏழு மணி நேரமாவது தூங்க வழி செய்யாமல் எள்ளுருண்டை சாப்பிட்டுப் பிரயோஜனமில்லை.

கேள்வி: என் கணவருக்கு 52 வயது, காபித் தோட்டத்தில் வேலை. ஐந்து வருஷமாக சர்க்கரை. இப்போதெல்லாம் தாம்பத்தியத்தில் விலகியே இருக்கிறார், கேட்டால் கோபப்படுகிறார். இங்கே விளைகிற பட்டர் ஃப்ரூட்டும் மிளகும் கொடுத்தால் சரியாகும் என்கிறார்கள். உண்மையா? (ஏற்காடு)

பதில்: அம்மா, நீங்கள் எழுதியது நல்லது. அவருடைய கோபம் உங்கள் மேல் இல்லை, பெரும்பாலும் வெட்கம்தான் அப்படி வெளியே வரும். பட்டர் ஃப்ரூட்டில் நல்ல கொழுப்பும் நார்ச்சத்தும் இருக்கிறது, நாளைக்குப் பாதிப் பழம் கொடுக்கலாம், சர்க்கரையும் பாலும் அடித்த ஜூஸாக வேண்டாம், வெங்காயம், உப்பு, எலுமிச்சை பிசைந்து கொடுங்கள். மிளகு ரசத்துக்கு நல்லது, அதற்கு மேல் அதில் எதிர்பார்க்காதீர்கள். சாமைச் சோறு மலையிலேயே கிடைக்கிறது, வெள்ளை அரிசிக்குப் பதிலாக அளவாகப் போடுங்கள், தட்டில் பாதி காயும் கீரையும் இருக்கட்டும்.

ஆனால் இந்த விஷயத்தை உணவோடு நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை உள்ள ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவது அடிக்கடி பார்க்கிற ஒன்று. அதைவிட முக்கியம், விறைப்பு குறைவது சில சமயம் ரத்தக் குழாய் அடைப்பின் முதல் அறிகுறியாக இருக்கும், இதயத்தில் தெரிவதற்கு முன்னாலேயே இங்கே தெரியும். மூன்று மாதச் சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், காலை நேர டெஸ்டோஸ்டிரோன் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று கவனியுங்கள், தினமும் குடிக்கிறவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம், இரண்டுமே ஹார்மோனைக் குறைக்கும். "உங்கள் சர்க்கரைக்கு செக்கப் போகலாம்" என்று கூப்பிடுங்கள், வருவார். உள்ளே போனதும் நீங்கள் வெளியே உட்கார்ந்துகொள்ளுங்கள், டாக்டரிடம் அவர் தனியாகப் பேசட்டும்.

கேள்வி: ஹாஸ்டலில் இருக்கிறேன், வயது 19. மெஸ்ஸில் சோயா உருண்டை போடுகிறார்கள். சோயா ஆண்மையைக் குறைக்குமாமே? பச்சை முட்டை குடித்தால் ஏறுமா? ஆன்லைனில் ஒரு அஸ்வகந்தா டப்பாவும் வாங்கியிருக்கிறேன். (கருப்பூர்)

பதில்: சோயா குறைக்காது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தும் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனில் மாற்றம் எதுவும் தெரியவில்லை, பயப்படாமல் சாப்பிடு. முட்டையை வேகவைத்துச் சாப்பிடு தம்பி, பச்சையாகக் குடித்தால் அதிலுள்ள புரதத்தில் பாதியளவுதான் உடம்பில் சேரும், சால்மோனெல்லா கிருமியும் வரலாம். அஸ்வகந்தாவில் சிறிய அளவில் நடந்த சில ஆய்வுகள் கொஞ்சம் ஏற்றம் காட்டின, ஆனால் அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள், உன் வயதில் எந்தக் குறையும் இல்லாமல் அது எதற்கு? ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்துவிட்டாய் என்றால் இன்றோடு நிறுத்து, கண் மஞ்சளாகவோ சிறுநீர் அடர் நிறமாகவோ தெரிந்தால் அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ.