ஆபத்து இருந்தும் ஏன் ஊரைவிட்டுப் போகவில்லை?

கேள்வி: என் மகன் ஜம்மு-காஷ்மீரில் ரஜௌரி பக்கம் ராணுவத்தில் இருக்கிறான். அங்கே டாங்ரி கிராமத்தில் நடந்த தாக்குதலைப் பற்றிச் சொன்னான். இவ்வளவு ஆபத்திலும் அந்த ஜனங்கள் ஏன் வேறு ஊருக்குப் போகவில்லை?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: 2023 ஜனவரி 1 மாலை, துப்பாக்கியோடு வந்தவர்கள் வீடுகளில் புகுந்து சுட்டார்கள் அம்மா. மறுநாள் காலை, ஊரே துக்கத்தில் இருந்த நேரத்தில், இறந்தவர் ஒருவரின் வீட்டருகே குண்டு வெடித்து இரண்டு குழந்தைகளும் பலியானார்கள். மொத்தம் 7 உயிர். இழவு வீட்டுப் பக்கம் குண்டு வைக்க ஒருவனுக்கு எப்படி மனசு வரும்!

எங்கே போவார்கள், சொல்லுங்கள். நிலமும் மாடும் அங்கேதானே இருக்கின்றன? 2018 கஜா புயலில் தென்னந்தோப்பெல்லாம் சாய்ந்த பிறகும் நம் ஜனங்கள் மறுபடி கன்று வைத்தார்களே, அந்தப் பிடிப்புதான்.

ஜம்மு பகுதியில் 1990களிலேயே கிராமப் பாதுகாப்புக் குழுக்கள் அமைத்து, ஊர்க்காரர்களுக்குப் பழைய 303 ரைஃபிள் கொடுத்தார்கள். டாங்ரிக்குப் பிறகு அந்தக் குழுக்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள்; மத்திய ரிசர்வ் போலீஸ் படையான சி.ஆர்.பி.எப். பயிற்சியும் தந்தது. சரி, அது தேவைதான். ஆனால் விவசாயி கையில் துப்பாக்கியைக் கொடுத்ததோடு அரசு கைகழுவக் கூடாது, ரோந்தும் முகாமும் கூப்பிடு தூரத்தில் இருந்தே ஆக வேண்டும்.